பின்னணி கிட்டார்

எங்கள் அலுவலக இசைக்குழுவில் லீட் கிட்டார் யாருக்கு என்பதைக் காது முடிவு செய்வதில்லை, பதவி முடிவு செய்கிறது. மேலாளருக்கு லீட் கிட்டார். அவருக்கு அடுத்த படியில் இருப்பவர் பாடகர். மனிதவளத் துறைக்குக் கீபோர்டு. பந்தியில் பெரியவர்கள் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இலை போல, மற்ற வாத்தியங்கள் எங்களுக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, யாரோ வெளிநாட்டுக்காரரின் காப்பீட்டைக் கணக்குப் போடும் மென்பொருள் ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. ஆண்டுவிழா வந்தால் மட்டும் கலைஞர்கள் ஆகிவிடுவோம்.

போன ஆண்டுவிழாவில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாட்டின் நடுவே வரும் பன்னிரண்டு பார் கிட்டார். பார் என்றால் ஒரு சின்னச் சுற்று, நான்கு எண்ணினால் முடிந்துவிடும். வேகமான பாட்டில் பன்னிரண்டும் சேர்ந்தாலும் எங்கள் தொழிற்பேட்டை சிக்னலில் பச்சை விளக்கு எரிகிற நேரம்கூட வராது. அதை நான் வாசிக்க வேண்டும், மண்டபத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. ஒரு சிற்றரசைக் கேட்டிருந்தால் சீக்கிரம் கொடுத்திருப்பார்கள்.

அந்தக் கிட்டார் பைத்தியம் எனக்கு அலுவலக வேனில் பிடித்தது. மண்ணூர்பேட்டையில் வண்டி நின்றால் நின்றதுதான். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் ஹாரனில் ஒட்டிவைத்த கை. காதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் "இதையும் கேள்" என்று ஃபோன் தானாகவே ஒன்றைப் போட்டது. தனிக் கிட்டார். டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை. யாரோ ஒருவர் மாடிப்படியில் தடதடவென்று ஏறி, வழியில் இருக்கும் கதவையெல்லாம் தட்டிவிட்டு ஓடுவது போல ஓர் ஆரம்பம். என் தாத்தா டவுசர் போட்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு கறுப்பர் வாசித்தது. லாரிகள் நகர்ந்தபோது அதை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அடுத்த வாரமே யாரோ வாங்கிவைத்து ஒட்டடை பிடித்த ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் என் வீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் நான் அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த கிட்டார் வகுப்பில் இருந்தேன். அங்கே எல்லோரும் பிறந்தநாள் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. "ராக் அண்ட் ரோல் கத்துக்கணும் சார்" என்றேன். ஆசிரியர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அதெல்லாம் மூணாவது கிரேடு பரீட்சை எழுதினப்புறம்மா." ராக் அண்ட் ரோலைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றாவது கிரேடில் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று கேட்டேன். அத்துடன் அந்த வகுப்பு முடிந்தது.

பிறகு வீடியோக்கள். தொப்பி போட்ட ஒருவர், பின்சுவரில் ஏழெட்டுக் கிட்டார்களை மாட்டிக்கொண்டு, "நண்பர்களே, இன்று நாம் பார்க்கப்போவது" என்று ஆரம்பிப்பார். பார்க்கப்போவது என்ன என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் என் சாம்பார் கொதித்து இறங்கிவிடும். கடைசியில் தப்பாக வாசிப்பார். தப்பு என்று எனக்கே தெரிந்தது. இடைத்தரகர்களே வேண்டாம், நேராக மூலவர்களிடமே போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். மூலவர்கள் இறந்துபோய்விட்டார்கள் என்பது ஒரு விதத்தில் வசதி. பரீட்சை வைக்கமாட்டார்கள்.

பழைய பதிவுகளைப் பாதி வேகத்துக்கு இறக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடுங்கினேன். பாதி வேகத்தில் அந்த மேதை சளி பிடித்த யானை மாதிரி ஒலித்தார். ஆனால் ரகசியம் பிடிபட்டது. ஆள்காட்டி விரலை மடக்காமல் இரண்டு தந்திகள்மேல் ஒரே நேரத்தில் படுக்கப் போட்டு, லேசாக நெட்டித் தள்ளுகிறார். இரண்டு தந்தியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கத்துகின்றன. அதுதான் அந்தக் கதவு தட்டல். கண்டுபிடித்த அன்று ஹாலுக்கு ஓடிவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா தென்காசிக்காரி. நூம்பல் அடுக்குமாடிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவளுடைய தமிழில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. "ஏட்டி, இதத்தான் காலேலருந்து போட்டு உரசுத. வேற சத்தம் அதுல வராதா?" என்றாள்.

இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஏனென்றால் எனக்கும் அதற்குள் ஒரு சந்தேகம் வந்திருந்தது. இந்த முன்னோடிகள் ஒவ்வொருவரிடமும் மொத்தமே மூன்று, மிஞ்சினால் நான்கு சங்கதிகள்தான் இருக்கின்றன. அவற்றையே முன்னால் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுள் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். அந்தச் சங்கதிகளும் சொந்தமில்லை. ஒன்று பியானோக்காரரின் இடது கையிலிருந்து எடுத்தது. இன்னொன்று சாக்ஸபோன்காரர் ஊதியது. மற்றொன்றைத் தேடிப் போனால், தேவாலயத்தில் பாடிக்கொண்டே எலெக்ட்ரிக் கிட்டாரைப் போட்டு வாங்கிய ஓர் அம்மாள் வருகிறார். நீளக் கோட்டும் குதிகால் செருப்புமாக ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் நின்று அவர் வாசிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஆவடி லோக்கலுக்கு நிற்கிற அத்தை ஒருவர் திடீரென்று பையிலிருந்து இடியை எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அவரைக் கேட்ட பிறகு, ஆண் மேதைகள் பலருடைய புதுமை எனக்கு அவ்வளவு புதுமையாகத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதை வெட்டி ஒட்டினால் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். அவர்கள் செய்தால் பாணி.

நானும் வெட்டி ஒட்டினேன். வெறியோடு. எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு செய்தி வந்தது. "சி பிளாக்கில் யார் வீட்டு கிரைண்டரோ ரொம்ப நாளாகக் கத்துகிறது. தயவுசெய்து பேரிங் மாற்றவும்." அதற்குக் கீழே நாற்பது கட்டைவிரல்கள். அப்பாவும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

இதற்கு நடுவே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அது காரியக்கேடு என்று அப்போது தெரியாது. கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதற்கு ஃபோனில் ஓர் ஆப் உண்டு. அந்த ஆப்பின்படி சுருதி சேர்த்துவிட்டு மூலவரோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டவில்லை. அவர் கொஞ்சம் மேலே, நான் கொஞ்சம் கீழே. யார் சொல்வது சரி? ஆப் நேற்றுப் பிறந்தது. அவர் ராக் அண்ட் ரோலையே பெற்றவர். ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, என் ஆறு தந்திகளையும் அவர் பதிவுக்கு ஏற்ப முறுக்கிவைத்தேன். அதன் பிறகு சொர்க்கம். அந்தக் காலத்தில் பதிவை விறுவிறுப்பாக்க ஒலிநாடாவை ஒரு மயிரிழை வேகமாக ஓட்டிவிடுவதும் உண்டு, அதனால் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தப் பியானோவிலும் இல்லாத சந்தில் போய் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இன்னொரு மனிதரோடு சேர்ந்து வாசித்திருக்க வேண்டும். நான் இறந்தவர்களோடு மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு நிலையில்தான் ஆண்டுவிழா அறிவிப்பு வந்தது. பாட்டுப் பட்டியலில் ஒரு கறுப்பு வெள்ளைக் காலத்து கிளப் டான்ஸ் பாட்டு. மெழுகுவத்தி, வில்லன், சுழலும் படிக்கட்டு எல்லாம் இருக்குமே, அந்த வகை. நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வரும். அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தக் கதவு தட்டல்! எனக்கு முன்பே கோடம்பாக்கத்தில் பெயர் போடப்படாத ஒரு கிட்டார்காரர், அதே அமெரிக்கரிடமிருந்து அதே சங்கதியை அப்படியே எடுத்திருந்தார். பன்னிரண்டு பார். அதை நான்தான் வாசிக்க வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. என்னிடம் மட்டும்.

முதல் ஒத்திகை பயிற்சி அறையில். மேலாளர் வந்தார். திருச்சிக்காரர், கூர்மையானவர், நல்லவர் என்றுகூடச் சொல்லலாம், கிட்டாரைத் தோளில் மாட்டாத வரைக்கும். வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தபோது வாங்கிவந்த செக்கச்செவேல் எலெக்ட்ரிக் கிட்டார். கூடவே தோல் ஜாக்கெட். ஏசி நின்றாலும் ஜாக்கெட் கழலாது. கீபோர்டில் மனிதவளத் துறை அக்கா, கோயம்புத்தூர். டிரம்ஸில் எங்கள் சோதனைக் குழுவின் கடைக்குட்டி. அயப்பாக்கத்தில் இன்று ஃபிளாட்டாக நிற்கும் இடத்தில் நெல் போட்ட குடும்பம், ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரிகளில் அடிக்கிறவன். என்னைவிட இளையவன் என்பதால் நான் அவனுக்கு அக்கா. மரியாதை அந்தச் சொல்லோடு சரி.

இவர்களுக்கெல்லாம் மேலே, உண்மையான இசைக்குழு ஒன்று இருந்தது. அது மடிக்கணினிக்குள் இருந்தது. குரலையும் சில வாத்தியங்களையும் எடுத்துவிட்ட பதிவு. அதற்கு டிராக் என்று பெயர். டிராக் ஓடும், அதன்மேல் நாங்கள் வாசிப்போம். இல்லை, வாசிப்பது போல இருப்போம். மேலாளரின் கிட்டாரில் ஒலிக் குமிழ் எப்போதும் பூஜ்யத்தில்தான். எல்லோருக்கும் தெரியும். சம்பள உயர்வு நெருங்கும் மாதம், யாரும் குமிழைப் பார்க்கமாட்டோம்.

எனக்கு இரண்டாவது கிட்டார். ஒலி சரிபார்க்க என் முறை வந்தது. முதல் சங்கதியை வாசித்தேன். கீபோர்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங் கண்ணு, சுருதி சேரலீங்க."

"இதான்க்கா ஒரிஜினல் சுருதி."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்தான். "இன்னாக்கா, நாங்கள்லாம் அம்பத்தூர்ல கீறோம், நீ மட்டும் பஸ்ஸ வுட்டு பாடிக்கும் கொரட்டூருக்கும் நடுவுல எங்கியோ எறங்கிட்டியா?"

"நீங்க எல்லாரும் கீழே இருக்கீங்க" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு மடிக்கணினி, அதற்குள் ஓடும் ஒரு பேஸ் கிட்டார் மூன்றும் தவறு, நான் மட்டும் சரி. அவ்வளவு பக்தி.

"யக்கா, சாமி வந்தவங்க மாரி பேசாத. கம்பிய எறக்கு."

இறக்கினேன். தூக்கி எறிந்த ஆப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன், அது பச்சை விளக்கைக் காட்டியது. ஆறு தந்தியும் தொளதொளவென்று தோன்றியது, யாருடைய கையையோ விட்டுவிட்டது போல. மறுபடி வாசித்தேன். ஒட்டியது. டிரம்ஸ்காரன் குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

சிக்கல் அதன் பிறகுதான். அந்த டிராக்கைச் செய்த புண்ணியவான், கிட்டார் வரும் இடத்தில் கிட்டாரையும் எடுத்துவிட்டிருந்தார். பன்னிரண்டு பாருக்கு வெறும் டிரம்ஸும் பேஸும். யாராவது உண்மையிலேயே வாசித்தாக வேண்டும். எல்லோரும் மேலாளரைப் பார்த்தோம். மேலாளர் மடிக்கணினியைப் பார்த்தார்.

"அந்த போர்ஷனை கட் பண்ணிடலாம்" என்றார்.

"சார், நான் வாசிக்கிறேன்."

அவர் யோசித்தார். அவர் யோசிப்பதை நாங்கள் அலுவலகத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம். முடிவில் எங்கள் வேலை அவர் பெயரில் இருக்கும்.

"ஓகே. ஆனா ஒண்ணும்மா, ஸ்டேஜ்னா லுக் முக்கியம். முன்னாடி ஒரு லீட் நிக்கணும். நான் நிக்கிறேன். நீ கீபோர்டு பின்னாடி நின்னு வாசி. சவுண்டு உன்னுது, ஆக்‌ஷன் என்னுது. டீம் வொர்க்."

வெளியே வந்ததும் டிரம்ஸ்காரன் சிரித்தான். "படத்துல ஈரோ வாய அசைப்பாரு, பாடறது வேற ஆளு. நீ பின்னணிக் கிட்டாருக்கா!"

நான் ஒப்புக்கொண்டேன். நம் ஊரில் யார் குரலோ யார் வாயிலோ வருவதைப் பார்த்து யாரும் புகார் செய்வதில்லை. பின்னணி பாடியவர்களைத்தானே இன்றும் கொண்டாடுகிறோம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர்கள் பெயரைப் போடுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். எப்படியோ, பன்னிரண்டு பார் மண்டபத்தில் கேட்கும். அது போதும் என்றிருந்தது. தினமும் வாசித்தேன். பதிவில் அந்தக் கோடம்பாக்கத்துக் கிட்டார்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்கினேன். ஓரிடத்தில் அவர் விரல் தந்தியில் லேசாகச் சறுக்கும் ஓசை இருக்கிறது, அந்தச் சறுக்கலையும் பழகினேன்.

விழா வேலப்பன்சாவடி அருகே ஒரு கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை காலை. கீபோர்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பூச் சுற்றிய தூணுக்கும் தண்ணீர் தூவும் மின்விசிறிக்கும் நடுவே என் இடம். முன்வரிசையில் கிளைத் தலைவரும் அவர் மனைவியும். கிளப் பாட்டு ஆரம்பித்தது. பன்னிரண்டு பார் வந்தது. மேலாளர் ஒரு காலை மடக்கி முன்னால் பாய்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் வாசித்தேன்.

நன்றாக வாசித்தேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. ஒரு சுரம் பிசகவில்லை. மூச்சு, சறுக்கல், கதவு தட்டல், எல்லாம் அப்படியே. விசில் பறந்தது. மேலாளர் தலையை ஆட்டினார். வியர்வை ஜாக்கெட்டுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

பிரியாணி வரிசையில்தான் நடந்தது. மேலாளர் எனக்கு முன்னால், டிரம்ஸ்காரன் பின்னால். கிளைத் தலைவரின் மனைவி தட்டோடு மேலாளரிடம் வந்தார். பழைய பாட்டுப் பைத்தியம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அந்தக் கிட்டார் பிட்டு என்ன அருமை! எங்கப்பா அந்தப் பாட்டை விடவே மாட்டார். சாப்பிட்டப்புறம் எனக்காக அதை மட்டும் ஒருதரம் வாசிச்சுக் காட்டணும்."

கிளைத் தலைவரும் சேர்ந்துகொண்டார். "ஆமாப்பா, இங்கயே வாசி."

மேலாளரின் கண்ணில் எல்லாம் ஓடியது. தானே வாசித்ததாகச் சொன்னால் இங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். இந்தப் பெண் வாசித்தாள் என்றால், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி வரும். நான் தட்டில் ஒரு கரண்டி ரைத்தாவும் கத்திரிக்காய்த் தொக்குமாகக் காத்திருந்தேன். அவர் தான் வாசித்ததாகத் திருடிக்கொண்டாலும் பரவாயில்லை, பன்னிரண்டு பார் ஒரு மனிதருடையதாக இருக்கும் என்றுகூட அந்த நொடியில் நினைத்தேன்.

"ஐயோ மேடம்" என்று சிரித்தார். "அது டிராக் மேடம். டிராக்லயே வந்தது."

"அதானே பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள். "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு."

டிரம்ஸ்காரன் என் காதருகே குனிந்தான். "மாட்னியாக்கா? உன்னியே மெஷின்னுட்டாரு. வுயுந்து வுயுந்து ரெக்கார்டு மாரியே வாசிச்ச இல்ல, இந்தா வாங்கிக்கோ."

அவன் சொன்னது மேலாளர் சொன்னதைவிட அதிகம் எரிந்தது. தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு நடந்தேன். ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஒரு கேபிள் மட்டும் இருக்கட்டும்ணே."

"டைம் ஆயிட்ச்சுமா. பூந்தமல்லில ஒரு வளகாப்பு கீது."

"ஒரே பாட்டுண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேபிளை நீட்டினார். மடிக்கணினி மூடிக் கிடந்தது. தூணுக்கு முன்னால் வந்து நின்று வாசித்தேன். அதே கதவு தட்டல், அப்படியே. வரிசையில் ஒரு தலை திரும்பவில்லை. யாரோ சோற்றைக் கிளறிக்கொண்டே தலையை ஆட்டினார். சாப்பாட்டு நேரத்துக்கு டிராக் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நான்காவது பாரில் கை சறுக்கியது. விரலில் கத்திரிக்காய்த் தொக்கின் எண்ணெய். பக்கத்துத் தந்தியில் போய் விழுந்தது விரல். மண்டபம் முழுக்க ஓர் அசிங்கமான சுரம், தட்டு விழுந்தது போல. நாலைந்து பேர் திரும்பினார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் செத்திருப்பேன். நிறுத்தினேன். விரலைத் துப்பட்டாவில் துடைத்தேன்.

"சாரி, மொதல்லருந்து" என்று சத்தமாகச் சொன்னேன்.

மறுபடி ஆரம்பித்தேன். இப்போது வரிசையே திரும்பியிருந்தது. டிரம்ஸ்காரன் இரண்டு தட்டுகளையும் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடிவந்து, பாதி கழற்றிய டிரம்ஸில் உட்கார்ந்தான். என்னிடம் இருந்த சங்கதிகளை எல்லாம் வாசித்தேன். அவை தீர்ந்துபோயின. தீர்ந்த பிறகு நிறுத்த மனமில்லாமல், கை போன இடத்துக்கெல்லாம் போனேன். சில இடம் நன்றாக இல்லை. ஓரிடம் நன்றாக இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தேன்.

"டிராக்னு சொன்னீங்க?" என்று கிளைத் தலைவரின் மனைவி மேலாளரிடம் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவில் தெரிந்தது. மேலாளர் ரைத்தாவுக்குள் எதையோ தேடினார். பிரியாணி பரிமாறியவர் கரண்டியைத் தூக்கியபடி மேடையைப் பார்த்து நிற்க, பின்னால் யாரோ "அண்ணாத்தே, சோத்தப் போடு" என்று கத்தினார்.

மேலாளர் மேடைக்கு வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தார். சிரிப்பு மட்டும் மாட்டியிருந்தது.

"போதும்மா. எல்லாரும் சாப்பிடறாங்க பாரு."

"இன்னும் நாலு பார்தான் சார் இருக்கு" என்றேன், தலையைத் தூக்காமல்.

பன்னிரண்டு எப்போதோ முடிந்திருந்தது. அவர் எண்ணவில்லை. நான் அடுத்த சுற்றை ஆரம்பித்தேன்.